பழைய பிளாஸ்டிக்கிலிருந்து குருணை வரை: சிறிய மறுசுழற்சிப் பட்டறை தொடங்குவோருக்கு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலை. மெஷினைக் கடன் வாங்கியாவது இறக்கிவிடலாம். அதில் தினமும் போட ஒரே ரகமான சரக்கு கிடைக்குமா என்பதுதான் கஷ்டமான கேள்வி. குருணைக்கு, அதாவது பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வெட்டிய மணிகளுக்கு, நல்ல விலை கிடைப்பதும் கிடைக்காததும் தரம் பிரிக்கும் மேசையிலேயே முடிவாகிவிடும். அந்த மேசையில் நடந்த தவறை எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் திருகால் தள்ளி இழையாக வெளியேற்றும் மெஷின்) உருக்கி நிரந்தரமாக்கிவிடும், அவ்வளவுதான்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு அரை டன் முதல் ஒரு டன் வரை பழைய பிளாஸ்டிக்கைக் கையாளும் பட்டறையை மனத்தில் வைத்து எழுதியவை.

சரக்கை அடையாளம் காண்பது

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும். 1 பெட்: குடிநீர், குளிர்பான பாட்டில். 2 ஹெச்டி: ஷாம்பு டப்பா, எண்ணெய்க் கேன், சரசரவென்று சத்தம் போடும் ஹெச்எம் கவர். 3 பிவிசி: பைப், சில பாட்டில்களின் சுருங்கு லேபிள். 4 எல்டி: பால் கவர், மெத்தென்ற கவர்கள். 5 பிபி: நாற்காலி, டிபன் டப்பா, பாட்டில் மூடி, அரிசிச் சாக்கு. 6 பாலிஸ்டைரீன்: தெர்மாகோல், பழைய தயிர்க் கப். 7 என்றால் மற்றவையும் கலப்படமும். வரும் சரக்கில் பெரும்பகுதி எண் இல்லாமலோ தேய்ந்தோ இருக்கும் என்பதால் கையும் காதும் பழக வேண்டும்.

கவர்களில் இது சீக்கிரம் பழகிவிடும். எல்டி கவரை இழுத்தால் சத்தமில்லாமல் நீளும். ஹெச்எம் கவரைக் கசக்கினால் காகிதம் போலச் சரசரக்கும். பிபி கவர் கண்ணாடி போலப் பளபளக்கும். கிழித்தால் நேர்கோட்டில் போகும். கெட்டிப் பொருளில் நகத்தால் கீறிப் பாருங்கள். ஹெச்டி மெழுகு போலக் கீறல் வாங்கும், பிபி அவ்வளவு எளிதில் வாங்காது.

சந்தேகம் வந்தால் தண்ணீர்ச் சோதனை. இரண்டு டம்ளர் போதும்.

1. முதல் டம்ளரில் வெறும் தண்ணீர். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். இல்லாவிட்டால் துண்டின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டி, மூழ்க வேண்டியதும் மிதக்கும்.
2. இரண்டாவது டம்ளரில் கரையும் மட்டும் உப்புப் போட்ட தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 350 கிராம்.
3. நகம் அளவு துண்டை முதலில் வெறும் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் எல்டி, ஹெச்டி, பிபி மூன்றில் ஒன்று. அவற்றின் அடர்த்தி 0.90 முதல் 0.96 வரைதான்.
4. மூழ்கியதை உப்புத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் (7ஆம் எண்ணில் வரும் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) வகை. அதிலும் மூழ்கினால் பெட் அல்லது பிவிசி.

இந்தச் சோதனைக்கும் கண்கட்டு வித்தை உண்டு. விலையைக் குறைக்க பிபியில் சுண்ணாம்புத் தூளோ டால்க் தூளோ சேர்ப்பார்கள். தூள் அதிகமான பிபி வெறும் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். தெர்மாகோல் காற்று நிறைந்ததால் மிதக்கும். அதை மிதப்பதால் மட்டும் பிபி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டையும் பிவிசியையும் பிரிக்க செம்புக் கம்பி உதவும். திறந்த வெளியில், புகை வரும் பக்கம் நிற்காமல் செய்ய வேண்டும். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒரு நொடி தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, பிவிசிதான். எரித்துப் பார்க்கும் பழக்கமும் தொழிலில் உண்டு: பாலிஎத்திலீன் (எல்டி, ஹெச்டி இரண்டும்) அணைத்த மெழுகுவத்தி வாசம் தரும், பாலிஸ்டைரீன் கரும்புகையோடு நூலாம்படை போலக் கரியைப் பறக்கவிடும், பிவிசி நெருப்பை எடுத்ததும் அணைந்து காரமான நெடி விடும். துண்டு நகம் அளவைத் தாண்ட வேண்டாம். புகையைக் கிட்டே போய் முகர வேண்டாம். அந்த நெடி ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

ஒரே எண், வேறு வேறு சரக்கு

புதியவர்கள் அதிகம் நஷ்டப்படுவது இந்த இடத்தில். ஷாம்பு டப்பாவும் 2, மோல்டிங் செய்த கூடையும் 2. இரண்டையும் சேர்த்து அரைத்தால் "ஹெச்டி" என்றுதான் பெயர். வாங்குகிறவர் மெஷினில் போட்டதும் குட்டு வெளிப்படும்.

ஊதிச் செய்யும் டப்பாவுக்கு உருகியபின் கெட்டியாக இருக்கும் ரகம் வேண்டும்; அதன் உருகு ஓட்ட எண் (உருகிய சரக்கு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதன் அளவு) 10 நிமிடத்துக்கு 0.3 கிராம் அளவில் இருக்கும். அச்சில் பாய்ச்சிச் செய்யும் பொருளுக்குத் தண்ணீராக ஓடும் ரகம். அதன் எண் 8, 10, 20 என்று போகும். இரண்டும் கலந்த குருணையை டப்பா ஊதுகிறவர் போட்டால், அச்சுக்குள் இறங்க வேண்டிய குழாய் தொங்கி அறுந்துவிடும். அச்சில் பாய்ச்சுகிறவர் போட்டால் மூலை முடுக்கு நிரம்பாது. அதனால் "டப்பா ஹெச்டி", "கூடை ஹெச்டி" என்று இரண்டு குவியல் வையுங்கள். நிறமும் பிரியட்டும். இயற்கை நிறம், வெள்ளை, நீலம், மற்ற கலர், கறுப்பு என்று ஐந்தாகப் பிரித்தால் முதல் இரண்டுக்கும் விலை தனி. எல்லாம் கலந்தால் கடைசியில் கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் ஏற்றும் குருணை) போட்டு மறைப்பது ஒன்றே வழி. கறுப்புக் குருணை விற்பவர்கள் ஏற்கனவே நிறையப் பேர்.

பெட் பாட்டிலில் வேறு தொல்லை. மூடி பிபி அல்லது ஹெச்டி, தொட்டியில் மிதந்து தானே பிரிந்துவிடும். பாட்டிலை முழுதாகச் சுற்றியிருக்கும் சுருங்கு லேபிள் பிவிசியாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். பெட் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தச் சூட்டில் பிவிசி கருகி அமிலம் விட்டு, பெட்டின் மூலக்கூறுச் சங்கிலியையே அறுத்துவிடும். ஒரு டன்னில் நூறு கிராம் பிவிசி கலந்தாலே பெட்டை உருக்கி நூல் இழுக்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். லேபிளை அரைப்பதற்கு முன்பே கையால் கிழித்தெடுப்பதற்கு ஆள் கூலி கொடுப்பது வீண் செலவு ஆகாது.

அண்மைக் காலத்தில் சேர்ந்த இன்னொரு வில்லங்கம் மக்கும் கவர். பார்வைக்கு எல்டி கவர் போலவே இருக்கும், பச்சை எழுத்தில் "கம்போஸ்டபிள்" என்றோ ஐஎஸ் 17088 என்றோ அச்சிட்டிருப்பார்கள். எல்டியோடு போனால் அதில் செய்யும் படலத்தில் ஓட்டையும் கட்டியும் விழும். மேசையிலேயே ஒதுக்குங்கள்.

அரைக்கவே கூடாதவை

ஊசி, சலைன் பாட்டில், ரத்தப் பை, கையுறை: மருத்துவமனைக் கழிவு. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது பொதுச் சுத்திகரிப்பு மையம் வழியாக, கிருமி நீக்கிய பிறகே, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டும். மூட்டைக்குள் ஒரு ஊசி தெரிந்தாலும் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். பூச்சிமருந்து டப்பா, அமிலக் கேன், பெயிண்ட் வாளி ஆகியவற்றுக்கு அபாயகரக் கழிவு அனுமதி வேண்டும். இஞ்சின் ஆயில் டப்பா நல்ல ஹெச்டிதான். ஆனால் ஒட்டிய எண்ணெய் கழுவும் தொட்டி முழுவதையும் கெடுத்து, குருணையில் வழுவழுப்பாக நிற்கும். தனி ஏற்பாடு இல்லாமல் தொட வேண்டாம்.

சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு சாஷே உறைகள் பல ரகப் படலத்தை ஒட்டிச் செய்தவை. சாதாரண எக்ஸ்ட்ரூடரில் அவற்றிலிருந்து விற்கத்தக்க குருணை வராது. அவை எங்கே போகும் என்பது பின்னால்.

வாங்கும் விலை எவ்வளவு என்று கணக்கிடுவது

காயலான் கடைக்காரர் சொல்லும் கிலோ விலை உங்கள் விலை ஆகாது. ஒவ்வொரு புது ஆளிடமும் முதல் லோடு வரும்போது இப்படிச் செய்யுங்கள்.

1. லோடின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் மூட்டை எடுத்து 100 கிலோ சேருங்கள். மேல் மூட்டை எப்போதும் நல்லதாகவே இருக்கும்.
2. கொட்டிப் பிரித்து, வேண்டாததைத் தனியே எடை போடுங்கள்: மண், கல், காகிதம், வேறு ரகம்.
3. மீதியை அரைத்துக் கழுவி, கையில் ஈரம் ஒட்டாத அளவு உலர்த்தி மறுபடி நிறுத்துங்கள்.

உதாரணத்துக்கு, கிலோ 20 ரூபாய்க்கு வாங்கிய 100 கிலோ கடைசியில் 72 கிலோ நின்றால், உங்கள் சரக்கின் உண்மை விலை 2000ஐ 72ஆல் வகுத்தது, கிலோ 27 ரூபாய் 78 காசு. கூலி, கரண்ட், பிளேடு, ஒதுக்கியதை அனுப்பும் செலவு எல்லாம் இதன் மேல்தான் ஏறும். 23 ரூபாய்க்குச் சுத்தமான சரக்கு தருகிறவரிடம் 90 கிலோ நின்றால் அதன் விலை 25 ரூபாய் 56 காசு. விலை அதிகம் சொன்னவரே மலிவு.

மழைக்காலத்தில் ஈரத்தையும் எடை போட்டு விற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையை லோடுக்கு லோடு செய்ய வேண்டும்.

சரக்கு வரும் வழிகளில் உள்ளாட்சியைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். திடக்கழிவு விதிகள் குப்பையை வீட்டிலேயே வகை வகையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஊராட்சிகளுக்கும் உண்டு. கிராமப்புறத் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க இடம் தந்திருந்தார்கள். அப்படிப்பட்ட அலகில் கவரை அடித்துத் தூசி எடுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டு, மாதம் எத்தனை கிலோ, எந்த ரகம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது காயலான் கடையைவிட நிலையான வரத்து.

காகித வேலை, வரிசையோடு

மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்கு ஓடுவது தலைகீழ் வரிசை. இடம் சரியில்லை என்று மறுத்தால் மெஷின் தார்ப்பாய்க்குள் துருப்பிடிக்கும்.

1. இடத்தை முடிவு செய்வதற்கு முன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆறு, ஏரி, குடியிருப்பு, பள்ளி எவ்வளவு தூரம் என்பதை அவர்கள்தான் பார்ப்பார்கள். நிலத்தின் பயன்பாட்டு வகையும் தொழிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
2. உதயம் பதிவும் (சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஜிஎஸ்டி பதிவும்.
3. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில், 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் நிறுவுவதற்கான இசைவாணை. விண்ணப்பம் இணையவழி. இங்கே கழுவும் தண்ணீருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தோடு பதில் வேண்டும்.
4. கடன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய்வரை திட்டச் செலவு. மானியம் இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையம் வழி காட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் உணவுப் பொட்டலக் கலன் செய்வது அந்தத் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. திட்ட அறிக்கையில் அந்த வரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. மும்முனை மின் இணைப்பு, கட்டடம், மெஷின்.
6. எல்லாம் பொருத்திய பின் இயக்குவதற்கான இசைவாணை. இது கிடைக்கும்வரை உற்பத்தி கூடாது.
7. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் மறுசுழற்சியாளர் பதிவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவைத் தருவது மாநில வாரியம்.

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 30க்குள் ஆண்டறிக்கை உண்டு. தினமும் வந்த எடை, ஒதுக்கிய எடை, விற்ற எடை மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி வந்தால் அது ஒரு மணி நேர வேலை. எழுதாவிட்டால் ஏப்ரல் மாதம் முழுக்கப் போய்விடும்.

மெஷின் வரிசை

முதல் ஆறு மாதம் பிரிப்பது, அரைப்பது, கழுவுவது மூன்றோடு நிற்பது நல்லது. கழுவிய அரவையை அப்படியே வாங்கும் குருணைப் பட்டறைகள் உண்டு. எக்ஸ்ட்ரூடர் வாங்கும் நாளில் உங்கள் சரக்கு எது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அரவை மெஷினுக்கு 20 எச்பி மோட்டார் இந்த அளவுக்குப் போதுமானது. கெட்டிப் பொருளுக்கு 8 முதல் 12 மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடை. சுழலும் பிளேடுக்கும் நிலையான பிளேடுக்கும் இடையே கெட்டிப் பொருளுக்கு 0.3 மில்லிமீட்டர் அளவு. கவருக்கு அதற்கும் குறைவு. இடைவெளி கூடினால் கவர் வெட்டுப்படாமல் மடங்கி நுழையும், உரசிச் சூடேறி, சல்லடையில் உருகி ஒட்டும். மோட்டார் முனகுவதும் அரவையில் தூள் அதிகமாவதும் பிளேடு மழுங்கியதற்கு அடையாளம். தொட்டி வாயில் காந்தம் வையுங்கள். ஒரு ஆணி போதும் ஒரு செட் பிளேடைக் கெடுக்க.

அடைப்பு எடுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டு போட்டு, சாவியை எடுக்கிறவர் தன் பையில் வைத்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றினால் இன்னும் நல்லது. விரல் போவது பெரும்பாலும் "ஒரு நிமிஷ வேலைதானே" என்ற இடத்தில்தான்.

கழுவும் தொட்டியில் தண்ணீர் மெதுவாக நகர வேண்டும். வேகமாக ஓடினால் மூழ்க வேண்டியது மேலோடு போகும். கவருக்கு முன்கழுவலும், உரசிக் கழுவும் உருளையும், பிறகு மிதப்புத் தொட்டியும். பெட் துண்டுக்கு லேபிள் பசை போக 80 முதல் 85 டிகிரி தண்ணீரில் 2 சதவீதம் காஸ்டிக் சோடா. அதற்கப்புறம் காரம் போகும்வரை இரண்டு முறை நல்ல தண்ணீர். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

உலர்த்துவதில் அவசரப்படுகிறவர்கள் பின்னால் எக்ஸ்ட்ரூடரில் அழுவார்கள். சுழற்றிப் பிழியும் டிரையர் கெட்டித் துண்டின் ஈரத்தைப் போதிய அளவு எடுத்துவிடும். கவர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குச் சூடான காற்றோ அக்லோமரேட்டரோ (கவரைச் சுழற்றி உரசிச் சூடேற்றிக் கட்டியாக்கும் மெஷின்) தேவை. வெயிலில் பரப்புவதாக இருந்தால் சிமெண்ட் தளமும் சுற்றிலும் வலையும் வேண்டும். மண் தரையில் பரப்பினால் கழுவிய சரக்கில் மறுபடி மண் ஏறும், ஆடிக் காற்றில் பாதி பக்கத்து வயலுக்குப் போகும்.

கழுவிய தண்ணீருக்கு மூன்று அறைத் தொட்டி. அளவுக்குக் கணக்கு எளிது: மணிக்கு 2,000 லிட்டர் ஓடுகிறது, 4 மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் 8,000 லிட்டர். முதல் அறைக்கு முன் 2 மில்லிமீட்டர் வலை வையுங்கள், துண்டுகள் அதில் நிற்கட்டும். மூன்றாவது அறையின் தெளிந்த நீர் மறுபடி முன்கழுவலுக்கு. அடியில் சேரும் சேற்றில் பிளாஸ்டிக் தூளும் மையும் இருக்கும் என்பதால் வயலுக்கோ பள்ளத்துக்கோ போகக் கூடாது. உலர்த்தி, வாரியம் சொல்லும் இடத்துக்கு.

எக்ஸ்ட்ரூடர் சொல்லும் குறைகள்

எல்டிக்கு 160 முதல் 200 டிகிரி, ஹெச்டிக்கு 180 முதல் 220, பிபிக்கு 200 முதல் 230. சரக்கு போடும் தொட்டிப் பக்கம் குறைவாகவும் இழை வெளிவரும் வாய்ப்பக்கம் கூடவும் வையுங்கள். ஹீட்டர் போட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகே திருகைச் சுற்ற வேண்டும். மீட்டரில் சூடு காட்டும். உள்ளே நேற்று நின்ற சரக்கு கல்லாக இருக்கும். அவசரப்பட்டால் திருகோ கியர்பாக்ஸோ போகும்.

இழை வெளியே வரும்போது அதையே பார்த்துக்கொண்டிருங்கள்.

இழையில் குமிழும் பொரிப்பொரியும் என்றால் ஈரம். சூட்டைக் குறைத்தால் தற்காலிகமாக மறையும்; சரக்கைத் திரும்ப உலர்த்துவதே மருந்து. இழை அடிக்கடி அறுந்தால் மண், காகிதம், இல்லையேல் வேறு ரகம் கலந்திருக்கிறது. எல்டியில் பிபி கலந்தால் 160 டிகிரி அளவில் உருக வேண்டிய பிபி பாதி உருகாமல் கட்டியாக வந்து இழையை அறுக்கும். அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், உருகிய சரக்கை வடிகட்டும் வலை அடைத்துவிட்டது. கழுவாத சரக்குக்கு அரை மணிக்கு ஒரு வலை மாற்ற வேண்டி வரும், நன்றாகக் கழுவியதற்கு ஒரு ஷிப்ட் முழுக்க ஓடும். கழுவுவதில் மிச்சம் பிடித்த காசு இங்கே போகிறது. கரும்புள்ளி வந்தால் உருளைக்குள் எங்கோ சரக்கு தங்கிக் கருகுகிறது. கண் எரியும் நெடியோடு இழை பழுப்பானால் பிவிசி உள்ளே போய்விட்டது: போடுவதை நிறுத்தி, கதவைத் திறந்து, ஆட்களை விலக்கி, சுத்தமான எல்டியோ ஹெச்டியோ போட்டுத் தள்ளி வெளியேற்றுங்கள். அமிலம் திருகை அரிக்கும் என்பதால் அப்படியே அணைத்துவிட்டுப் போகக் கூடாது.

மாற்றி எடுத்த வலையை எரித்துச் சுத்தம் செய்வது பல பட்டறைகளில் நடக்கிறது. சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பதும் இந்தப் புகையால்தான். இசைவாணை ரத்தாக இது ஒன்றே போதும்.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். சரக்குக் கட்டுகளின் அடுக்கும் மின்பலகையும் ஒரே சுவரில் இருக்கக் கூடாது. அடுக்குகளுக்கு நடுவே தீயணைப்பு வண்டியின் குழாய் இழுத்துப் போக வழி விடுங்கள். கட்டுக்குத் தண்ணீர், மின்பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான். எது எங்கே என்று இரவு ஷிப்ட் ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

குருணையை யாருக்கு விற்கலாம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களைச் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் தடை. கேரி பேக் எந்தத் தடிமனாக இருந்தாலும் அதில் அடங்கும். நாட்டின் பிற பகுதிகளில் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கு மேலான பை அனுமதி உண்டு என்பதை வைத்து இங்கே பை உருட்டுகிறவருக்குக் குருணை விற்றால், அவர் மாட்டும்போது உங்கள் ரசீதும் சேர்ந்து மாட்டும். நான்வோவன் பையும் இங்கே தடைப் பட்டியலில்தான்.

தார்ப்பாய், விவசாயக் குழாய், கயிறு, மின்குழாய், குப்பைத்தொட்டி, பூந்தொட்டி, தரைப் பலகை: இவைதான் சாதாரணக் குருணைக்கு இடம். உணவு தொடும் பொட்டலத்துக்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் போக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும். சிறு பட்டறையின் எட்டும் தூரத்தில் அது இல்லை. மறுசுழற்சி ஐஎஸ் 14534 முறைப்படி நடக்க வேண்டும், பொருளில் அதற்கான குறியும் இருக்க வேண்டும்.

இபிஆர் சான்றிதழ்: இரண்டாவது வருமானம்

2022 பிப்ரவரி 16இல் வந்த வழிகாட்டுதலின்படி, பொட்டலம் போட்டு விற்கும் நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் விட்ட அளவுக்குப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். இதன் பெயர்தான் இபிஆர், உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு. அந்த வழிகாட்டுதலில் பொட்டலம் நான்கு வகை: கெட்டியானது, பிளாஸ்டிக் மட்டுமே கொண்ட வளையும் ஒற்றை அல்லது பல அடுக்குப் படலம், பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்குப் படலம், மக்கும் வகை. முதல் வகைக்கு மறுசுழற்சி இலக்கு 2024-25இல் 50 சதவீதம், ஆண்டுக்கு 10 கூடி 2027-28இல் 80. இரண்டு, மூன்றாம் வகைகளுக்கு 30இல் தொடங்கி 60. தவிர முதல் வகைப் பொட்டலத்தில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு சேர்க்க வேண்டும் என்றும், அது 2028-29இல் 60 ஆக வேண்டும் என்றும் விதித்தார்கள். நல்ல குருணைக்குத் தேவை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே பதில்.

பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் செய்த டன்னுக்கு இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும். இலக்கு நிரம்பாத நிறுவனம் அதை வாங்கிக்கொள்ளும். இது பொட்டலக் கழிவுக்கு மட்டும். உடைந்த நாற்காலியும் வாளியும் குருணையாக விலை போகும், சான்றிதழ் தராது. எனவே வரவு நோட்டில் பொட்டலம், மற்றவை என்று முதல் நாளிலிருந்தே இரண்டு பத்தி போடுங்கள்.

ஆதாரம் இல்லாத டன் கணக்கு எழுத யாராவது ஆசை காட்டுவார்கள். 2023இல் மத்திய வாரியத்தின் தணிக்கையில் சில மறுசுழற்சி நிறுவனங்கள் உருவாக்கிய சுமார் 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை இல்லை: மெஷினின் திறன், கரண்ட் பில், ஜிஎஸ்டி ரசீது, எடைமேடைச் சீட்டு நான்கையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு டன் அரைத்துக் கழுவிக் குருணையாக்க உங்கள் பட்டறைக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று நீங்களே மாதாமாதம் கணக்கிட்டு வையுங்கள். தணிக்கைக்கு உதவுவது போக, யூனிட் ஏறத் தொடங்கினால் பிளேடு மழுங்கியதோ பேரிங் தேய்ந்ததோ முன்கூட்டியே தெரியும்.

மேசையில் மிஞ்சியது

பல ரகப் படலமும், பிரிக்க முடியாத அழுக்குக் கவரும் கட்டாகக் கட்டி சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாம். அரியலூர்ப் பக்கத்து ஆலைகள் பெரும்பாலான மாவட்டங்களுக்கு எட்டும் தூரம். சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் எரியும் என்பதால் புகைப் பிரச்சினை இல்லை. பிவிசியும் ஈரமும் கூடாது. குளோரின் சூளையில் படிந்து அடைக்கும். இதற்கு வண்டி வாடகை நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால்தான் ஒதுக்கும் எடையை வாங்கும் விலையில் சேர்க்கச் சொன்னது.

இன்னொரு வழி சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 160 முதல் 170 டிகிரி சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகிப் பூசிக்கொள்ளும். அதன் மேல் தார். தாரின் எடையில் 8 சதவீதம் அளவு பிளாஸ்டிக் போகும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, எஸ்பி 98, இதற்கான அளவுகளைச் சொல்கிறது. ஒப்பந்ததாரர் கேட்பது 4 மில்லிமீட்டருக்குள் வெட்டிய, உலர்ந்த, பிவிசி இல்லாத துண்டு. பெரிய துண்டு ஜல்லியில் பூசாமல் தொங்கும், தூளாக இருந்தால் காற்றில் பறக்கும். சல்லடையை மாற்றிவிட்டு அதே அரவை மெஷினில் ஓட்டலாம். சாலை வேலை நடக்கும் மாதங்களில் மட்டும் கேட்பு இருக்கும் என்பதால், தை மாதத்திலேயே ஒன்றியப் பொறியாளரைப் பார்த்து எத்தனை டன் வேண்டும் என்று கேட்டு வைத்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் வெட்டுங்கள்.